மஞ்சள் தாளில் விரல்கள்

வாழ்த்து அட்டையில் யாரும் பார்க்காத இடம் ஒன்று உண்டு. அது அட்டை முழுவதும் இருக்கிறது. பூவுக்கும் எழுத்துக்கும் பின்னால் பரந்து கிடக்கும் நிறத்தைத்தான் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் அந்த நிறத்தைத் தீட்டியவள் பாஞ்சாலி.

சாமை விதைத்துக் களை எடுத்த கை அது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பெண்களுக்கு ஒரு கைத்தொழில் கூடம் வந்தபோது, வேடிக்கை பார்க்கப் போனவள் வேலையோடு திரும்பினாள். சாமைக் கஞ்சியைப் பசையாகக் காய்ச்சி, நிறத்தைக் குழைத்துத் தாளில் பூசி, ஈரம் காய்வதற்குள் மரச்சீப்பால் ஓர் இழுப்பு. தாளில் அலை அலையாக எழும். அதன்மேல் குப்பம்மா காய்ந்த பூவை ஒட்டுவாள். பார்க்கிறவர்கள் பூவைத்தான் புகழ்வார்கள்.

"பூவா பெரிசு? அது நிக்கறதுக்கு எடம் குடுத்தது நானு" என்று பாஞ்சாலி மல்லுக்கு நிற்பாள். கண்ணில் படாத வேலையைச் செய்கிறவளுக்குக் கண்ணில் படாமல் இருக்கத் தெரியவில்லை.

ஒரு வருஷம் பொங்கல் அட்டைகளைப் பார்க்கச் சென்னைக் கடைக்காரர் அர்ச்சுனன் நேரில் வருவதாக ஏற்பாடு. பிடித்தால் கூடம் மலையில் இருக்கும். பிடிக்காவிட்டால் அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறங்கிவிடும். கூடத்தை நடத்திய காந்தா டீச்சருக்கு ஒடுகத்தூர்தான் சொந்த ஊர், கவலையில்லை. நிலமும் மாடும் புருஷனும் மலையில் இருக்கிற பாஞ்சாலிக்கோ, சீப்பு அதோடு கைவிட்டுப் போகும்.

அர்ச்சுனன் கேட்டது மஞ்சள் நிறம். சாயப்புட்டி தீர்ந்திருந்தது. "அம்மியில அரைக்கிற மஞ்சள் ஆவாதா?" என்றாள் பாஞ்சாலி. ஆயிற்று. தாள்கள் தகதகத்தன. குப்பம்மா பூ ஒட்டி முடித்ததும், இனி எவளும் தொடக்கூடாது என்று பாஞ்சாலியே ஒவ்வொன்றாக அடுக்கித் துணியில் கட்டி வைத்தாள்.

அர்ச்சுனன் வருகிற நாள் காலையில் டீச்சர் கட்டைப் பிரித்து அலறினாள்.

"ஐயோ, ரத்தம்!"

அட்டைகளின் ஓரமெல்லாம் சிவப்பு விரல்கள். பெண்கள் அவரவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. காயம் இல்லாத ரத்தம், காயத்தைவிட மோசம். அடுப்புக்கு விறகு கொண்டுவந்திருந்த பாஞ்சாலியின் புருஷன் ராஜாக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அம்மன் வந்துட்டுப் போயிருக்கா. கற்பூரம் எடு!"

"காகிதத்தாண்ட கற்பூரமா? தள்ளிப் போய்யா!" என்று டீச்சர் விரட்டினாள்.

"அம்மன் எதுக்கு வர்றா?" என்று பாஞ்சாலி குப்பம்மா பக்கம் திரும்பினாள். "பூ ஒட்றேன்னு தாளெல்லாம் தடவறவ இவதான்!"

"என் கையில பசைதான்டி கீது. கட்டு பக்கம் வந்தாலே கடிக்க வந்தியே, நான் எங்க தொட்டேன்?"

பேச்சு முற்றியது. கோபத்திலும் பாஞ்சாலிக்கு வாய் சும்மா இருக்காது. சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி மடித்து அடக்கிக்கொண்டாள். பிறகு கறைபடாத ஓர் அட்டையை உருவி எல்லார் முகத்துக்கும் நேரே நீட்டினாள்.

"பாருங்க, என் வேலை எப்டி சுத்தமா கீதுன்னு!"

அவள் கட்டைவிரலுக்கு அடியில் மஞ்சள் சிவந்து பரவியது.

ஆரத்தி கரைக்காத வீடு அந்த மலையில் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது குழந்தைக்கும் தெரியும். தட்டில் தெரிந்தது தாளில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அம்மா தாயே, ஒரு வாக்கு சொல்லேன்!" என்று குப்பம்மா பாஞ்சாலியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"சுண்ணாம்பு அவளுதுதான். தடவ வெச்சது யாரு?" என்று அம்மனை விட்டுக்கொடுக்காமல் ராஜாக்கண்ணு வெளியேறினான்.

பாஞ்சாலி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கூடத்த நானே எறக்கிட்டனே" என்றாள், யாரிடமும் இல்லாமல். கையிலிருந்த அட்டையில் சிவந்த இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணி கலக்குங்க."

"இன்னும் இன்னா பாக்கி?"

"அங்கங்க தொட்டதுதான அசிங்கம்? முழுக்கத் தொட்டுட்டா?"

பூவைச் சுற்றித் துணியால் ஒற்றி ஒற்றி எல்லா அட்டையையும் சிவப்பாக்கினார்கள். திட்டிக்கொண்டே குப்பம்மாவும் சேர்ந்துகொண்டாள். சீப்பின் பள்ளத்தில் ஒரு சிவப்பு, மேட்டில் வேறொரு சிவப்பு.

மதியப் பேருந்தில் வந்த அர்ச்சுனன் முகம் சுளித்தார். "மஞ்சள்தானே கேட்டேன்?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் பாஞ்சாலி முந்தினாள். "ஆரத்திங்க. பொங்கலுக்கு வூட்டுக்கு வர்றவங்கள சும்மாவா உள்ள கூப்டறது?"

அவர் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "பூ எல்லா இடத்திலும் கிடைக்கும். இந்தப் பின்னணி நல்லா இருக்கு" என்றார்.

ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சொல். கேட்டதும் பாஞ்சாலிக்கு மகிழ்ச்சி வரவில்லை. காலையில் வந்ததைவிடப் பெரிய அதிர்ச்சிதான் வந்தது. "நல்லா செஞ்சப்பல்லாம் உன் பூவப் பாத்தாங்க. பாழாக்கினப்ப என்னுதப் பாக்கறாங்களேடி!" என்று குப்பம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கூடம் மலையிலேயே நின்றது. சுண்ணாம்பு வாசல்படி தாண்டக் கூடாது என்று டீச்சர் கட்டளை போட்டாள். வெற்றிலையை விட முடியாத பாஞ்சாலி சுண்ணாம்பை விட்டாள். சுண்ணாம்பு இல்லாத வெற்றிலைக்கு வாய் சிவக்காது. சந்தையில் அந்த வெளுத்த வாயைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள்.

"இன்னா பாஞ்சாலி, ஒடம்பு முடியலியா?"

"வேலைக்குப் போறேன்" என்றாள் அவள்.