சின்ன கோச்

அவரை நாங்கள் சின்ன கோச் என்றுதான் சொல்வோம். வயது ஐம்பத்திரண்டு, ஆறடிக்கு மேல் உயரம், இத்தாலிக்காரர். பெரிய கோச்சும் இத்தாலிக்காரர்தான். மூன்று வயது இளையவர், ஆள் குள்ளம். ஃபுட்பால் கிளப்பில் புல்தரை வேலை பார்க்கும் எங்கள் யாருக்கும் அவர்கள் பெயர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் தலைமைப் பயிற்சியாளர் பெரியவர், உதவிப் பயிற்சியாளர் சின்னவர் என்று ஆகிவிட்டது.

நான் வளைகுடாவுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்து கட்டட வேலைக்குப் போனேன். பிறகு ஒரு பராமரிப்புக் கம்பெனி மூலமாக இந்த மைதானத்துக்கு வந்தேன். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, கோடு போடுவது. தங்குவது ரோலா என்கிற கடைத்தெருப் பகுதியில், ஐந்து பேரோடு ஒரு ரூமில். பரமக்குடிப் பக்கம் எங்கள் பள்ளிக்கூட டீமில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் பேக்காக நானும் ஆடியவன்தான். அதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சின்னவர் கேட்டார். பயிற்சி மாலை ஐந்து மணிக்கு என்றால் அவர் மூன்றரைக்கே வந்துவிடுவார். ஆட்டக்காரர்கள் ஓடிப் பழகுவதற்கான பிளாஸ்டிக் கோன்களை அவரே அடுக்குவார். ஒருநாள் பந்து ஒன்று என் பக்கம் உருண்டு வந்தது. காலின் உட்புறத்தால் நிறுத்தி அவரிடம் திருப்பித் தட்டினேன்.

"நீ ஆடியிருக்கிறாய்" என்றார். "எந்த இடம்?"

"பேக்."

தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மறுநாள் எங்கள் சாமான் அறைக்கு வந்து, நான் போட்ட பால் இல்லாத சுலைமானி டீயை வாங்கிக் குடித்தார். பிறகு தினமும் வந்தார். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது.

தன் கதையை அவர் மொத்தமாகச் சொன்னதில்லை. டீ ஆறும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அப்பாவுக்குத் தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை. பதினேழு வயதில் மூன்றாம் டிவிஷனில் ஆட ஆரம்பித்து, அங்கேயே ஏழு வருடம் கிடந்திருக்கிறார். பிறகு முதல் டிவிஷனில் ஒரே ஒரு சீசன், அதில் ஒன்பது ஆட்டம். அந்த ஒன்பதையும் வரிசையாகச் சொல்வார், யாரை எதிர்த்து, மழையா வெயிலா என்பதுவரை. அப்புறம் இரண்டாம் டிவிஷன். ஒரு டீமுக்கு நான்கு வருடம் கேப்டன். அந்தக் கிளப்பே ஒருநாள் இழுத்து மூடப்பட்டது. முப்பத்தாறாவது வயதில் முழங்கால் போனது.

"கோல் போடுகிறவனை அவன் போட்ட கோலுக்காக ஞாபகம் வைத்திருப்பார்கள். பேக் ஆடுகிற நம்மைத் தப்பு செய்தால்தான் தெரியும். நான் அதிகம் தப்பு செய்யவில்லை. அதனால் யாருக்கும் ஞாபகம் இல்லை."

இதை வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

ஆட்டத்தை விட்டபின், பழைய டீமில் தன்னோடு ஆடிய நண்பர் கோச் ஆனபோது அவருக்கு உதவியாகப் போனார். அந்த நண்பர்தான் எங்கள் பெரியவர். பன்னிரண்டு வருடமாக அவர் எந்த நாட்டுக்குப் போனாலும் இவரும் கூடவே போயிருக்கிறார். பெரியவர் கத்துவார், கையை வீசுவார், பத்திரிகைக்காரர்களிடம் பேசுவார். சின்னவர் அவருக்கு அரையடி பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நின்று பார்ப்பார்.

அந்த வருடம் ஜனவரியில் ஒரு மத்தியானம் பெனால்ட்டி பாக்ஸுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்கிறவன் லீவு. நேராக வருவதற்காகக் கட்டும் கயிற்றின் மறுமுனையைச் சின்னவர் பிடித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. ஊரிலிருந்து அக்கா வீட்டுக்காரர்.

"மாப்ள, அண்ணன் போயிட்டாருப்பா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

"எப்ப மச்சான் எடுக்குறீக?"

"நீ வாரதா இருந்தா நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கலாம். வாரியா?"

பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருந்தது, விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அது வர நாலு நாளாவது ஆகும்.

"வர முடியாது மச்சான். எடுத்துருங்க."

போனை வைத்துவிட்டுப் பெயின்ட் வண்டியைத் தள்ளினேன். பாக்ஸின் மூன்றாவது பக்கம் பாதியில் நின்றிருந்தது. அதை முடித்தேன். நாலாவதையும் முடித்தேன். கோடு நேராக வந்திருந்தது. என்னை வளர்த்து, ஏஜெண்டிடம் கூட்டிப்போய், விமானம் ஏற்றிவிட்ட அண்ணன் அவர். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். பசி மட்டும்தான் வந்தது.

மூன்றாம் நாள்தான் சின்னவரிடம் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அன்றைக்கு வந்த போனா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"கோடு பாதியில் இருந்தது, கோச்."

ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாதது எனக்கு நல்லதாக இருந்தது.

பிப்ரவரி முடிவதற்குள் டீம் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றது. ஒரு திங்கட்கிழமை காலை கிளப் மேனேஜர் பெரியவரைக் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிடம்தான். மேனேஜர் அரபிக்காரர், கத்துகிற ஆள் இல்லை. வெளியே வந்து எங்களிடம் "கோச் கலாஸ்" என்றார். கதை முடிந்தது என்று அர்த்தம். பெரியவரின் பெட்டிகளைக் காரில் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள்.

பார்க்கிங்கில் இரண்டு இத்தாலிக்காரர்களும் எதிரெதிரே நின்றார்கள். பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். சின்னவர் இரண்டு வார்த்தையில் பதில் சொன்னார். பெரியவர் கையை ஒருமுறை மேலே வீசிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் பின் டிக்கியை மூடினேன். கார் போய்விட்டது.

அங்கே என்ன பேசினார்கள் என்று சின்னவர் பின்னால் சொன்னார். அடுத்த ஆட்டம் வெள்ளிக்கிழமை, புது கோச் வரும்வரை அந்த ஒன்றை மட்டும் நீங்கள் நடத்துங்கள் என்று மேனேஜர் இவரிடம் கேட்டிருக்கிறார். இவர் சரி என்றிருக்கிறார். பெரியவர் பார்க்கிங்கில் கேட்டது, "நீ என்னோடு வரவில்லையா?" இவர் சொன்னது, "வெள்ளிக்கிழமை ஆட்டம்."

"அவ்வளவுதான் பேசினீர்களா? பன்னிரண்டு வருடம் ஆயிற்றே?"

"பதினொரு பேரை யாராவது நிற்க வைக்க வேண்டுமே" என்றார்.

அன்றைக்கும் மூன்றரைக்கு வந்து கோன்களை அடுக்கினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அந்த முகத்தை அடையாளம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆட்டம் அவர் வாழ்க்கையில் தலைமைப் பயிற்சியாளராக நின்ற முதல் ஆட்டம். கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். யாராவது முன்னால் நிற்பார்கள் என்ற பழக்கமோ என்னவோ, அடிக்கடி அரையடி பின்னால் நகர்ந்தார். ஐந்து பேரைத் தடுப்பில் நிறுத்தினார். எதிர் டீம் எங்களைவிட மூன்று மடங்கு பலமானது. தொண்ணூறு நிமிடமும் பந்து எங்கள் பக்கமே இருந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. நாங்களும் போடவில்லை. பூஜ்யம் பூஜ்யம்.

அந்தச் சீசனில் நான் பார்த்ததில் அதுதான் நல்ல ஆட்டம். ஆனால் கூட்டத்தில் பாதிப்பேர் முன்பே எழுந்து போய்விட்டார்கள். மேனேஜர் வந்து கைகொடுத்து, "மாஃபி கோல், கோச்" என்று சிரித்தார். கோல் இல்லையே என்று கேலி. சின்னவர் "அவர்களுக்கும் மாஃபி" என்றார்.

செவ்வாய்க்கிழமை புது கோச் வந்தார், தன் சொந்த உதவியாளரோடு. சின்னவருக்கு மே மாதம் வரை ஒப்பந்தம் இருந்தது. வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சின்னவர் வந்தார். பயிற்சிப் பக்கம் அவரை யாரும் கூப்பிடவில்லை. எங்களிடம் வந்தார்.

ஆட்டத்தில் பூட்ஸ் பட்டுப் புல் பெயர்ந்த குழிகளில் மணலும் விதையும் கலந்து நிரப்புவது எங்கள் வேலைகளில் ஒன்று. குத்தவைத்து உட்கார வேண்டும். அவர் முழங்கால் மடங்காது. ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, நான் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தார். ஒரு குழி முடிந்ததும் எழுந்து வாளியை அடுத்த குழிக்கு நகர்த்துவார். முதல் டிவிஷனில் ஒன்பது ஆட்டம் ஆடியவர்.

மேனேஜர் ஒருநாள் பார்த்துவிட்டு என்னை அதட்டினார். "ஏன் அவரை வேலை வாங்குகிறாய்?"

"நான் வாங்கவில்லை சார்."

சின்னவர் தலையைத் தூக்காமல், "எனக்கு இது வருகிறது" என்றார். மேனேஜர் போய்விட்டார்.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. ஏப்ரலில் ஒருநாள் அவராகவே பேசினார்.

"என் மனைவி போனில் கேட்கிறாள். விட்டுப்போன நண்பன் மேல் கோபம் வரவில்லையா, அழுகை வரவில்லையா என்று. நானும் உள்ளே தேடிப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. உனக்கு?"

"எனக்கும் இல்லை, கோச். அண்ணன் போய் மூன்று மாதம் ஆயிற்று."

"வரும் என்று நினைக்கிறாயா?"

"தெரியவில்லை."

விதைப் பையை அவர் பக்கம் தள்ளினேன். அவர் ஒரு கை அள்ளிக்கொண்டார்.

ரூமில் இதைச் சொன்னபோது, கூடத் தங்கியிருக்கும் கீழக்கரைக் கடைக்கார பாய், "ஒனக்கு மனசு மரத்துப் போச்சு தம்பி, ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வா" என்றார். போனேன். ஜூன் மாதம், முப்பது நாள். அண்ணி அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் சட்டைகளை எனக்கு எடுத்து வைத்திருந்தாள். அளவு சரியாக இருந்தது. ஒன்றைப் போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போய்வந்தேன். திரும்பி வந்தபோது சின்னவர் கிளம்பிப் போயிருந்தார்.

அடுத்த வருடம் பக்கத்து நாட்டுக் கிளப் ஒன்று எங்கள் மைதானத்தில் ஆட வந்தது. அவர்கள் பஸ்ஸிலிருந்து சின்னவர் இறங்கினார். இப்போதும் உதவிப் பயிற்சியாளர்தான். அவருடைய பெரியவர் இந்தமுறை முப்பத்தெட்டு வயதுப் போர்ச்சுகல்காரர். ஆட்டம் தொடங்குமுன் புல்லைக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நன்றாக வைத்திருக்கிறாய்."

"நண்பரோடு பேசுகிறீர்களா, கோச்?"

"புத்தாண்டுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறான். நீல டிக் விழுந்தது." கொஞ்சம் நிறுத்தி, "கோடைக்கு முழங்கால் ஆபரேஷன். ஆறு வாரம் படுக்கை" என்றார்.

நான் நல்லது என்றேன். அவர்களுடைய கோச் கூப்பிட்டார். சின்னவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்று அவர்கள் டீம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. இரண்டாவது கோல் அவர்கள் பேக் ஒருவன் வழுக்கி விழுந்ததால் விழுந்தது. அந்த இடத்தில் காலையில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக விட்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்து அவர்கள் பஸ் ஏறியபோது நான் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.