நாலு பேர் விலகினால்

போட்டித் தேர்வுக்குக் கணக்கு நடத்துகிறவர்களுக்குக் கணக்கு எதிரி இல்லை, கணக்கில் வருகிற ஆட்கள்தான் எதிரி. ‘பன்னிரண்டு ஆட்கள் ஒரு வேலையைப் பத்து நாளில் முடித்தால்’ என்று ஆரம்பிக்குமே, அதை ஒரகடம் பக்கம் வந்து நடத்திப் பாருங்கள், சாக்பீஸ் பிடித்துச் சீரழிகிற என் சக ஜீவன்களே! சேரப்பணஞ்சேரியில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் கம்பெனி ஆட்கள். ஆறு நாள் லைனில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் வந்து என் பிராணனை வாங்குவார்கள்.

பத்துதான் விடை

அந்தப் பன்னிரண்டு பேரில் நாலு பேர் முதல் நாள் காலையிலேயே விலகிவிட்டால், வேலை எத்தனை நாளில் முடியும்? பதினைந்து. அவ்வளவுதானே? மொத்த வகுப்பும் ‘பத்து’ என்றது. எனக்கு வந்ததே கோபம்! “ஆள் குறைஞ்சா நாள் கூடாதா? இதுகூடவா தெரியாது?” என்று கத்தினேன்.

முதல் பெஞ்சில் ஸ்டெல்லா எழுந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண், வயரிங் லைனில் காண்ட்ராக்ட் வேலை. ரெண்டு மாதத்தில் காண்ட்ராக்ட் முடிகிறது, அதற்குள் வருகிற தேர்வைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். “எந்தக் கம்பெனில டீச்சர் நாள் கூட்டித் தராங்க? நாலு பேர் வரலைன்னா மீதி எட்டு பேரு அதே பத்து நாள்ல முடிக்கணும்.”

A யார், B யார்?

சரி, ஆள் விலகாத கணக்காகப் போடுவோம் என்று அடுத்த வாரம் மாற்றினேன். A ஆறு நாளில் முடிப்பார், B பன்னிரண்டு நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால்? நாலு நாள். பின்பெஞ்சில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற முருகன் கையைத் தூக்கி, பன்னிரண்டு என்றான். எப்படிடா என்றேன். நான் ஏதோ விவரம் கெட்டவள் மாதிரி பொறுமையாக விளக்கினான்.

“A பர்மனென்ட்டு, B காண்ட்ராக்ட்டு. A செல்லு பாத்துகினு உக்காந்துப்பாரு, B ஒண்டியா செய்வான். இன்னா டீச்சர் இது தெரியாதா?”

பி.எஸ்சி மேத்ஸ்

அப்புறம் ரெண்டு ஞாயிறு ஸ்டெல்லா வரவில்லை. போன் போட்டால் அழுகிறாள். அவள் லைனில் இருந்த பன்னிரண்டு பேரில் நாலு பேரை நிறுத்திவிட்டார்களாம். டார்கெட் மட்டும் அப்படியே. அதனால் ஞாயிறும் வரவேண்டுமாம், தேர்வு நடக்கிற ஞாயிறு உட்பட! என் கணக்கையே எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வயிற்றில் அடிக்கிறார்கள், பற்றிக்கொண்டு வராதா?

சூப்பர்வைசர் நம்பரை வாங்கி, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தேன். “பன்னிரண்டு பேர் பத்து நாள்ல செய்யற வேலையை எட்டு பேர் எத்தனை நாள்ல செய்வாங்க சார்? தெரியுமா, தெரியாதா?”

அவர் மெதுவாகச் சொன்னார். “நான் பி.எஸ்சி மேத்ஸ் மேடம். பதினஞ்சு நாள்தான். அத மேல போய்ச் சொன்னா, அஞ்சாவதா விலகுற ஆளு நானு.”

விடைத்தாள்

ஸ்டெல்லா யாரிடமும் சொல்லாமல் அந்த ஞாயிறு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுத் தேர்வு எழுதினாள். மறுநாள் கம்பெனி கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை. அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து நின்றாள். தேர்வு எப்படி என்று கேட்டேன். நல்லா எழுதியிருக்கேன் என்றாள். நம்ம கணக்கு வந்ததாம், அதே பன்னிரண்டு ஆள், அதே நாலு பேர்.

“பதினஞ்சுன்னுதான் போட்டேன் டீச்சர். ஆனா, பொய்சாட்சி சொல்ற மாரி கை கூசிச்சு.”

ஆள் குறைந்தால் நாள் கூடும் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் இந்த நாட்டில் மார்க்கு, ஆனால் அப்படி நாளைக் கூட்டித் தருகிற ஒரு கம்பெனியை ஒரகடம் முழுக்கத் தேடியும் நான் இன்னும் பார்க்கவில்லை.