மச்சாளை ஏற்றிவர அடைத்த ஓட்டை

தெற்கு லண்டனில், சட்டனில் இருந்த என் மச்சாளை, அதாவது கணவரின் தமக்கையை, பழிவாங்க வேண்டும் என்ற ஒரே வைராக்கியத்தில்தான் நான் காருக்கு அடியில் படுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் குடியிருந்தோம். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. கடைக்கும் கோயிலுக்கும் காரை ஓட்டியது நான்தான். பலரிடம் கைமாறி எங்களிடம் வந்த கார். எங்கேயோ நடைபாதைக் கல்லில் அடிவயிறு இடிபட்டு, என்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்கும் சட்டியில் மயிரளவு வெடிப்பு விழுந்துவிட்டது. நின்ற இடமெல்லாம் சொட்டும். எங்கள் தெருவில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மச்சாள் பொருட்படுத்தினார். வீட்டு முன்றலுக்குப் புதிதாகச் சிவப்புக் கல் பதித்திருந்தார். அந்தத் தீபாவளிக்குப் போனபோது, நான் காரை விட்டு இறங்குவதற்குள் குழந்தை குளிப்பாட்டும் பேசின் ஒன்றைக் கொண்டுவந்து காருக்கு அடியில் தள்ளினார். விருந்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குறை நினையாதையும். கல்லிலை பட்டா போகாதாம்," என்றார்.

அதோடு விட்டாரா? சாப்பாட்டு மேசையில், "சொட்டுற சத்தம் இஞ்சை வரைக்கும் கேக்குது," என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். என் கணவரும் சிரித்தார். அடுத்த நாள் முழுவதும் நான் உலை வைக்கவில்லை, அவருக்குக் கடைப் பாணும் சம்பலும்தான்.

அடுத்த வருடம் மகள் பெரியபிள்ளையானாள். சடங்கில் தலைக்கு முதல் தண்ணீர் வார்ப்பது மாமி முறைக்காரி, தகப்பனின் சகோதரி அல்லது தாய்மாமன் மனைவி. இந்த நாட்டில் அவளுக்கு இருந்த ஒரே மாமி இந்த மச்சாள்தான். என் வழியில் இங்கே ஒருவரும் இல்லை. அவர் வராவிட்டால் வேறு யாரோ வார்க்க வேண்டும். பிறகு அந்தப் பிள்ளை கலியாணம் கட்டிப் போகும்வரை, 'மாமி வராத சடங்கு' என்றுதான் சனம் கதைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசி எடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் வைச்சிருக்கு மச்சாள். நீங்கள்தான் தண்ணி வார்க்க வேணும்."

"ஓம், வராமல் விடுவனே? முறையா வந்து கூட்டிக்கொண்டு போகவேணும். ஆனா அந்த ஒழுகல் காரிலை நான் ஏறமாட்டன். பட்டுச்சீலையோடை நடுறோட்டிலை நிக்க ஏலாது."

"அப்ப உங்கடை காரிலை வாங்கோவன்."

"நாங்களா வந்து இறங்கினா அது அழைப்போ? டாக்ஸி அனுப்புறதும் எனக்கு மரியாதை இல்லை."

முன்னே போனால் முட்டும், பின்னே போனால் உதைக்கும். கணவரிடம் சொன்னேன்.

"அக்கா அப்பிடித்தான். நீர் விடும்," என்றார்.

"விடுறதோ? அந்தக் காரிலையே அவவை ஏத்திக்கொண்டு வாறன். இருந்து பாருங்கோ."

கராஜில் கேட்டால் அடுத்த கிழமைக்குப் பிறகு வரச் சொன்னார்கள். உதிரிப்பாகக் கடைக்காரர்தான் எப்பொக்சி தந்தார். இரண்டு குழாய். ஒன்றில் பிசின், மற்றதில் அதை இறுக்குகிற மருந்து. இரண்டையும் கலந்து வெடிப்பின் மேல் பூசினால் கல்லாகிவிடும், ஆனால் பூசும் இடத்தில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக்கூடாது என்றார்.

எண்ணெய் போக்குவதற்கு எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? தலையில் ஊறிய நல்லெண்ணெயையே எடுக்கிற சீயாக்காய், தகரத்தில் இருக்கிற எண்ணெயை எடுக்காதா? காரை உயர்த்தி முட்டுக் கொடுத்து, பழைய எண்ணெயை வடியவிட்டு, சீயாக்காய் அவித்துத் தென்னந்தும்பால் தேய் தேய் என்று தேய்த்தேன். வீட்டுக்குள் மகள் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் விழுங்க மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள். வெளியே நான் காருக்கு முழுக்கு வார்த்துக்கொண்டிருந்தேன். எப்பொக்சியையும் பூசி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டுப் பார்த்தேன். பூசியது முழுவதும் அப்பளம் போலக் கழன்று கையில் வந்தது. அதன் அடியில் சீயாக்காய்த் தூள் படலமாக ஒட்டியிருந்தது. அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன். மச்சாளின் சிரிப்புத்தான் காதில் கேட்டது. கட்டையிலே போவாள் என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிய பிறகு கையில் பலம் வந்தது.

மறுபடி கடைக்கு ஓடி, பசையைக் கரைக்கிற தின்னர் வாங்கினேன். அதில் நனைத்த துணியால் துடைத்தேன். பிறகு உப்புத்தாளால் சுரண்டினேன். 'கல்லிலை பட்டா போகாதாம்' என்று ஒரு இழுப்பு, 'ஒழுகல் கார்' என்று ஒரு இழுப்பு. வெறும் உலோகம் மினுங்கும்வரை விடவில்லை. கையுறை வழுக்கியது, கழற்றி எறிந்தேன். எப்பொக்சியை விரலாலேயே அழுத்தி, வெடிப்பைத் தாண்டி நாலு பக்கமும் தடிப்பாக இழுத்துவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் அது கல்லாக இறுகியிருந்தது. புது எண்ணெய் ஊற்றி, மனோர் பார்க் கோயில் வரை ஓடிப்போய் வந்து, காருக்கு அடியில் வெள்ளைக் கடதாசி விரித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. எனக்கு வந்த சந்தோசம் நல்ல சந்தோசம் இல்லை என்று தெரியும். ஆனாலும் அன்று சோறு இறங்கியது.

ஞாயிறு காலை நேரே போய் அந்தச் சிவப்புக் கல்லின் நடுவில் காரை நிறுத்தினேன். மச்சாள் பட்டுச்சீலையோடு வெளியே வந்தார்.

"குனிஞ்சு பாருங்கோ மச்சாள். நாங்கள் நிண்டு பாத்திட்டே போவம்," என்றேன்.

குனிந்தார். சீலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நன்றாகவே குனிந்து பார்த்தார். நான் அவசரப்படவில்லை. கல் காய்ந்தபடியே கிடந்தது. நிமிர்ந்து சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். என் கையைப் பார்த்தார்.

விரல்களில் எப்பொக்சி காய்ந்து, ஊத்தையும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது. தின்னருக்கும் போகவில்லை.

"இதென்ன கராஜ்காரன்ரை கை மாதிரி? இந்தக் கையோடை நல்ல காரியத்திலை நிக்காதையும். பிள்ளையைத் தொடவும் வேண்டாம். பொட்டு, பூ எல்லாம் நான் வைக்கிறன்," என்றார்.

என் பிள்ளையை நான் தொடக்கூடாதாம். வாயைத் திறந்தால் அவர் திரும்பி உள்ளே போய்விடுவார் என்பதால் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். ஏறினார்.

எங்கள் வாசலில் பன்னீர்ச் செம்பும் சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு ஒரு பெண் நின்றாள். உள்ளே வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் மாமி வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் காரைப் பூட்டிவிட்டு முந்திப்போய் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டேன். வாசலில் ஒரு சுமங்கலி நீட்டுகிற பொட்டை இன்னொரு சுமங்கலி வேண்டாமென்று சொல்ல முடியாது. அதுவும் அத்தனை கண்களுக்கு முன்னால்.

குங்குமத்தைத் தொட்டுக் கையை உயர்த்தினேன். மச்சாளுக்கு விளங்கியது. தலை ஒரு கணம் பின்னுக்குப் போனது.

"இந்தக் கைதான் மச்சாள் என்ரை பிள்ளைக்கும் பொட்டு வைக்கப் போகுது," என்று அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தந்தார். காய்ந்த எப்பொக்சி உப்புத்தாளைப் போலத்தான் இருந்திருக்கும். தேவைக்கு மேலேயே அழுத்தி, வட்டமாகத் தேய்த்து வைத்தேன்.