புளியமரத்தடிச் சுமைதாங்கி

இது நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் நினைவில் வைத்திருப்பதுபோலத்தான் நடந்ததா என்பதில்தான் சந்தேகம். ஒரே பகலைப் பல வருஷமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தால், நினைப்பே எதையாவது சேர்த்துவிடும். வண்டியில் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அண்ணி கட்டியிருந்தது பச்சையா நீலமா, எல்லாம் மாறி மாறி வருகிறது. கல் மட்டும் மாறுவதில்லை. அதன் இடது முனை மூளியாக இருந்தது. மூன்று விரல் அகலம்.

1946, பங்குனி மாதம். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எனக்குப் பதினாறு வயது. வீட்டில் அம்மா தாயாரம்மாள், அண்ணன் பரந்தாமன், அண்ணி சந்திரா, நான். ஒரே தறி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அண்ணி உண்டாகியிருந்தாள். அப்போது ஒன்பதாம் மாதம்.

அந்தப் பிள்ளைக்குத் தறிச் சத்தம் பழகிவிட்டிருந்தது. அண்ணன் மிதியில் கால் வைத்ததும் உள்ளே உதைக்க ஆரம்பிக்கும். அண்ணி என் கையை இழுத்து வயிற்றில் வைப்பாள். டக்... டக்... என்று தறிப் பலகை இரண்டு அடி அடித்தால், உள்ளேயிருந்து ஓர் அடி.

"உங்கண்ணனுக்கு எடுபிடி வந்துகினு இருக்கான்" என்று சிரிப்பாள்.

யுத்தம் முடிந்தும் நூலுக்குக் கண்ட்ரோல் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தறியிலிருந்த பாவு நூல் தீர்ந்தது. தறி நின்றது. வீட்டில் அத்தனை அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நேற்று இரண்டே தடவைதான் அசைந்ததாம். இன்றைக்கு ஒன்றுகூட இல்லையாம்.

அம்மாவிடம் சொன்னோம். அம்மா பயப்படவில்லை. ஒன்பதாம் மாதத்தில் புரள இடம் ஏது என்றாள். பானகம் கரைத்துக் கொடுத்து ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள். தறி ஓடவில்லை, அதனால் பிள்ளையும் தூங்குகிறது என்றாள். எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. தறிக்காரர் வீட்டில் அதைவிட நியாயமான காரணம் என்ன இருக்க முடியும்?

திங்கட்கிழமை காலையில் அண்ணன் தறிக்குழியில் இறங்கினான். தறியில் ஓர் இழைகூட இல்லை. வெறும் தறியை மிதித்தான். பலகையை வெறுமனே இழுத்து அடித்தான். டக்... டக்... அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தான். அவள் தலையை மெல்ல ஆட்டினாள், இல்லை என்று. இன்னும் வேகமாக அடித்தான். தெருவில் போன ஒருவர் நூல் கிடைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று.

பிறகு நிறுத்திவிட்டான். கால் கீழேயே இருந்தது. எழுந்திருக்கவில்லை.

திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போவதென்று அப்போதுதான் முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை நூல் கொடுக்கும் நாள். அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் அடுத்த மாதம்தான். வாங்கிக்கொண்டு மறுநாள் வந்துவிடுகிறேன் என்றான் அண்ணன். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய பஸ், ஓடுவதும் நிற்பதுமாக இருந்த காலம். அதனால் கஜபதியின் மாட்டு வண்டி. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா, அண்ணி, நான் மூன்று பேரும் ஏறினோம். கஜபதி வாரத்துக்கு இரண்டு தடவை அதே பாதையில் திருத்தணிக்கு மூட்டை ஏற்றிப் போகிறவன்.

வழியெல்லாம் அண்ணி ஒரு கையை வயிற்றிலேயே வைத்திருந்தாள்.

தூரத்தில் மலைமேல் கோயில் தெரிந்தது. ஊருக்கு இன்னும் இரண்டு மைல். அங்கே மாடுகள் நின்றுவிட்டன.

கஜபதி அதட்டினான். வாலை முறுக்கினான். நகரவில்லை. சாலையோரம் ஒரு புளியமரம். அதன் நிழலில் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருக்கும் அல்லவா, தலைச்சுமையை இறக்கி வைக்க... அதுதான்.

கஜபதி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி இப்படித்தான் போறேன். இந்தக் கல்லை நான்..." என்றான்.

அண்ணி இடுப்பு கடுக்கிறது, கொஞ்சம் நிற்கிறேன் என்று இறங்கினாள். நானும் இறங்கினேன். அம்மா வண்டிக்குள் தண்ணீர்ச் செம்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணி நேராகப் போய் அந்தக் கல்லில் முதுகைச் சாய்த்தாள்.

கல் புதிதாக இருந்தது. உளி பட்ட இடமெல்லாம் வெளுப்பு. மேல்கல்லின் இடது முனை உடைந்திருந்தது. பெயர் எதுவும் வெட்டவில்லை.

காற்று இல்லை. காக்கை இல்லை.

மலையில் உச்சிக்கால மணி அடித்தது. பன்னிரண்டு.

"அம்சா... அசையுது."

அவள் கண்ணெல்லாம் தண்ணீர். முகத்தில் சிரிப்பு. என் வலது கையைப் பிடித்துத் தன் வயிற்றில் அழுத்தினாள். விழாமலிருக்க நான் இடது கையைக் கல்லில் ஊன்றினேன்.

வயிறு ஈரமண்போலக் கிடந்தது. அதில் ஒன்றும் இல்லை.

இடது கைக்குக் கீழே...

டக்.

டக்.

கல்.

கையை எடுத்துக்கொண்டேன். அவள் என்னையே பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா அதற்குள் வந்துவிட்டாள். அசைந்தது என்று கேட்டதும் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகுதான் அண்ணி எதில் சாய்ந்திருக்கிறாள் என்று பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தாள்.

"இப்படி வா. வயித்துச் சுமையோட போனவளுக்கு வெச்ச கல்லு அது."

அண்ணியின் முதுகில் வெள்ளையாகக் கல்தூள் ஒட்டியிருந்தது. தட்டினேன். போகவில்லை.

நாங்கள் ஏறியதும் மாடுகள் தாமாக நடந்தன.

நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். அசைந்துவிட்டது, இனி என்ன அவசரம், முதலில் சாமிக்குச் செய்வோம் என்றாள் அம்மா. அடிவாரத்தில் முதல் படியில் தேங்காய் உடைத்தோம். திருத்தணியிலேயே இருந்த அம்மாவின் தங்கை சின்னம்மாள் வீட்டில் தங்கினோம். அங்கிருந்து ஆஸ்பத்திரி இரண்டு தெரு. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

பொழுது சாய்ந்ததும் அண்ணிக்குக் குளிர் எடுத்தது. இரண்டு புடவையை மடித்துப் போர்த்தினோம். என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் தொட்டியே அம்சா. அசைஞ்சிச்சில்ல?"

"ஆங்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். சுவரில் கடிகாரம் இருந்தது. அண்ணிக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நர்ஸ் மரக்குழல் ஒன்றை வயிற்றில் வைத்துக் காது கொடுத்தாள். இடம் மாற்றி வைத்தாள். இன்னும் ஓரிடம். எவ்வளவு நேரம் கேட்டாள் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அண்ணியின் பாவாடையை விலக்கிப் பார்த்துவிட்டு, எங்களை வெளியே அழைத்தாள்.

பிள்ளை அடங்கி இரண்டு மூன்று நாள் இருக்கும் என்றாள். நீர் கசிந்து விஷம் ஏறியிருக்கிறது என்றாள். அசைவு குறைந்த அன்றைக்கே ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"நேத்து மத்தியானம்கூட அசைஞ்சிதுங்க" என்றாள் அம்மா.

"நேத்து அசைஞ்சிருக்க முடியாதும்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ரயிலில் மதராஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். அதற்குள் நான்கு பத்துக்கு அண்ணி போய்விட்டாள். பிள்ளை உள்ளேயே இருந்தது. அண்ணன் நூல் மூட்டையோடு வந்து சேர்ந்தபோது நான்கரை.

அண்ணியை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை கஜபதியின் வண்டியில் திரும்பினோம். அந்தப் புளியமரம் வந்தது. மாடுகள் நிற்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

மரத்தடியில் கல் இல்லை. நட்ட குழி இல்லை. காய்ந்த புல் மடங்காமல் நின்றது.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கஜபதி திரும்பவே இல்லை.

வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சுமைதாங்கி வைக்க வேண்டும். அண்ணன் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கல்தச்சனிடம் சொன்னான். நாங்கள் மூவர் பார்த்ததை அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தில் வைப்பது என்பதைத் தச்சனே தேர்ந்தெடுத்தான். சாலையில் நடப்பவர்களுக்கு நிழல் வேண்டும் என்றானாம்.

ஒரு மாதம் கழித்துக் கல் நட்டார்கள். நானும் போயிருந்தேன்.

அதே புளியமரம்.

இரண்டு கல்லும் நட்டாயிற்று. மேல்கல்லைத் தூக்கினார்கள். ஒருவனுடைய கடப்பாரை வழுக்கியது. கல் ஒரு பக்கம் சாய்ந்து மோதியது.

இடது முனை.

மூன்று விரல் அகலம்.

தச்சன் தலையில் அடித்துக்கொண்டான். வேறு கல் செய்து தருகிறேன் என்றான். இதுவே இருக்கட்டும் என்றான் அண்ணன். பெயர் வெட்டக் காசில்லை.

அம்மா அடுத்த வருஷம் ஆடியில் இறந்தாள். கஜபதி மாடுகளை விற்றுவிட்டு மதராஸில் மூட்டை தூக்கப் போனான். அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மூட்டை நூலைப் பிரிக்கவும் இல்லை. எனக்கு மூன்று பிள்ளைகள். மூவரையும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு இருந்து பெற்றேன். கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் அதைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். அது அங்கே இல்லாதபோது.