இட்டு நிரப்பிய துடிப்பு

நாடகக் குழுவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாம்புக்காது என்பார்கள். கடைசி வரிசையில் ஒருவர் இருமினால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அது சளியா வறட்டு இருமலா என்று சொல்லிவிடுவாள். ஸ்பீக்கரில் வேறு யாருக்கும் கேட்காத இரைச்சல் அவளுக்கு மட்டும் கேட்கும். அதைத் தேடிப் பிடித்து ஒழித்த பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பாள். அப்படிப்பட்ட காதுக்காரிக்குக் கூடப்பிறந்தவனின் நெஞ்சில் நடந்தது கேட்காமல் போயிற்று. கேட்கவில்லை என்று சொல்வதும் தப்பு. கேட்டது, அவள் அதற்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டாள்.

தம்பி அந்தக் குழுவின் ஆட்டக்காரன். அவர்களுடைய அப்பா அலுவலகத்தில் மேசைமீது தலை சாய்த்தபடியே இறந்துபோனவர். அசதியில் தூங்குகிறார் என்று நினைத்து, பக்கத்து இருக்கைக்காரர் விளக்கைக்கூட அணைத்துக் கொடுத்தாராம். அந்தச் சாவைத்தான் தம்பி ஆட்டமாக்கினான். என் இதயத் துடிப்பு அரங்கம் முழுக்கக் கேட்கட்டும், டிரம்காரர் அதை ஒட்டியே வாசிக்கட்டும், வேறு வாத்தியம் எதுவும் வேண்டாம் என்றான்.

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். மல்லுக்கட்ட வேண்டியவள் அக்கா. அவன் மார்பில் பொத்தான் அளவு மைக் ஒன்றை ஒட்டினாள். இடுப்பு பெல்ட்டில் சோப்புக்கட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். மைக் பிடித்த சத்தத்தை அது பொடிப் பொடித் துண்டுகளாக்கிக் கம்பியில்லாமல் அனுப்பும். மேடையோரத்துப் பெட்டி அதை வாங்கி ஸ்பீக்கருக்கும் டிரம்காரரின் காதுக்கும் கொடுக்கும். இதில் தாமதமே கூடாது. கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் டிரம் ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் வழியில் ஒரு துண்டு தொலைந்தால், திருப்பி அனுப்பச் சொல்லிக் காத்திருக்க முடியாது. போனது போனதுதான்.

ஒத்திகையில் போகத்தான் செய்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த துடிப்பு, அவன் வேகமெடுக்கும் இடங்களில் சட்டென்று அறுந்து, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. டிரம்காரர் தூக்கிய கையை எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தார்.

“என்னம்மா இது, பாதியில அம்போன்னு விட்டுட்டுப் போகுது?”

“சிக்னல் போகுதுண்ணே. இவன் சுத்தும்போது உடம்பு மறைக்குது.”

மனித உடம்பு ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆன்டெனாவை இடுப்பிலிருந்து தோளுக்கு மாற்றினாள். மேடையின் மறுபக்கம் இன்னொரு பெட்டி வைத்தாள். அறுபடுவது நிற்கவில்லை. தம்பி சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான்.

“தலை கிறுகிறுன்னு வருதுக்கா.”

“நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே? வயித்தைக் காயப்போட்டுட்டு ஆடினா வேற எப்படி வரும்?”

கடைசியில் அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால், முந்தைய துடிப்பையே எடுத்து அந்த இடத்தில் இட்டு நிரப்பிவிடும். அதற்குப் பிறகு எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. நாடகத்தின் இயக்குநரம்மா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளுக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று.

முதல் காட்சியன்று இயக்குநருக்குப் புதிதாக ஓர் ஆசை வந்தது. கடைசிப் பகுதியில் மூச்சுச் சத்தமும் கேட்க வேண்டும் என்றார். இந்தக் கடைசி நேர ஆசைகளுக்கு இந்த உலகத்தில் மருந்தே கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே தம்பியின் தொண்டையருகே இன்னொரு மைக்கை ஒட்டி, அதே இடுப்புக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. துடிப்பும் டிரம்மும் கைகோத்துக்கொண்டு ஓடின. கடைசிப் பகுதிக்கு முன்னால் மூச்சு மைக்கைச் சரிபார்க்க, ஹெட்ஃபோனில் இரண்டு சத்தத்தையும் வந்தது வந்தபடி, நிரப்பாமல் கேட்டாள். துடிப்பு அறுந்தது. மூச்சு அறுபடவில்லை.

இரண்டு சத்தமும் ஒரே துண்டில் சேர்ந்துதான் புறப்படும். சிக்னல் போனால் இரண்டும் சேர்ந்து போயிருக்க வேண்டும். மூச்சு இழுத்து விடுவது கொஞ்சமும் குறையாமல் வந்துகொண்டிருக்க, துடிப்பை மட்டும் காணோம். மறுபடி வந்தது. மறுபடி காணோம். ஸ்பீக்கரிலோ அது ஒரு குறையும் இல்லாமல் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது.

ரேடியோ முதல் ஒத்திகையிலிருந்தே ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. நின்று நின்று போனது அவனுடைய இதயம். அப்பாவுக்கு விளக்கை அணைத்தவரை இத்தனை வருஷமாக மனசுக்குள் திட்டித் தீர்த்தவள், அதே காரியத்தைத் தம்பிக்குச் செய்திருந்தாள்.

மேடைக்கும் அவளுக்கும் நடுவே அத்தனை கூட்டம். ஆட்டத்தில் இறங்கிவிட்டால் அவன் யார் கூப்பிட்டாலும் திரும்புகிற ஆள் இல்லை. அவன் காது கொடுப்பது டிரம் ஒன்றுக்குத்தான். டிரம்காரர் காது கொடுப்பது துடிப்புக்கு. நிரப்புவதை நிறுத்தினாள்.

ஒரு துடிப்பு விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. டிரம்காரர் ஓங்கிய குச்சியோடு நின்றுவிட்டார். அவ்வளவு பெரிய அரங்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தம்பி திரும்பி டிரம்காரரைப் பார்த்தான், பிறகு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். மெல்ல முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். கூட்டம் அதையும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டியது. “விளக்கைப் போடுங்க, விளக்கைப் போடுங்க” என்று கத்திக்கொண்டே அவள் வரிசைகளுக்கு நடுவே ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அவன் தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருந்தால் கொண்டுவந்தே பிரயோஜனம் இருந்திருக்காது என்றார் டாக்டர். துடிப்பு வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் இந்தக் கருவி தூண்டிவிடும் என்று விளக்கினார். தம்பி படுத்தபடியே அக்காவைப் பார்த்தான்.

“நீ ஸ்பீக்கர்ல பண்ணினதை இவங்க நெஞ்சுக்குள்ள பண்ணியிருக்காங்க. இதுக்கு எதுக்குக்கா இவ்வளவு அழுகை?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புரோகிராமை வீட்டுக்குப் போனதும் அழித்தாள்.

தம்பி இப்போது மறுபடி ஆடுகிறான், கொஞ்சம் நிதானமாக. அவளும் அதே பலகைக்குப் பின்னால்தான் இருக்கிறாள். ஒத்திகையில் யாருடைய சத்தமாவது அறுந்தால், பெட்டியையும் ஆன்டெனாவையும் அப்புறம்தான் பார்க்கிறாள். முதலில் மேடைக்கு நடந்துபோய் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்து, “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்கிறாள். பாம்புக்காதுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுகிறாள். விரலுக்கடியில் நாடி தட்டுகிறதா என்று பார்க்காமல் பிடியை மட்டும் விடுவதில்லை.