வராத கடிதத்தை வாசித்தவர்

அச்சகத்தில் அவரை எல்லோரும் 'நாவல் சார்' என்றுதான் கூப்பிடுவோம். மூன்று நாவல் எழுதியவர். மூன்றாவது நாவலின் பிரதிகள் பெட்டி பெட்டியாக அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. கட்டிலுக்குக் காலே வேண்டாம், பெட்டிகளே தாங்கும் என்று அவர் மனைவி சொல்வார். இரண்டாவது நாவலை நான் இரண்டு முறை படித்திருக்கிறேன். அதில் ஒரு முறை பிழை திருத்துவதற்காக.

நானும் அவரும் பிழை திருத்துகிறவர்கள். பாடப்புத்தகம், ஆண்டறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், எது வந்தாலும் எதிரெதிரே உட்கார்ந்து பார்ப்போம். மூலத்தை அவர் சத்தமாகப் படிப்பார். நான் அச்சுத்தாளில் விரலை வைத்துக்கொண்டே வருவேன். கமா, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷம் அந்தக் குரலைக் கேட்டவன் நான். மூட்டுவலி மாத்திரையின் பக்கவிளைவுகளைப் படித்தால்கூட யாரோ நம் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்கிற மாதிரி இருக்கும்.

அவர் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையின் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, ஒரு மைக்கும் கணினியும் வைத்து இணைய வானொலி ஒன்றைத் தொடங்கினான். பழைய பாட்டுகள் மட்டும்தான்.

"அத்தான், உங்க குரல் மாத்திரைக்கும் மருந்துக்கும் வீணாப் போகுது. சனிக்கிழமை நாலுலேருந்து ஆறு வரைக்கும் வந்து பேசுங்க" என்றான்.

நாவல் சார் போனார். முதல் நாள் முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில் 'முற்றுப்புள்ளி' என்றும் சொல்லிவிட்டார். நல்லவேளை, அன்றைக்குக் கேட்டவர்கள் ஐந்தே பேர். அந்த ஐந்தில் நான் ஒருவன், அவர் மனைவி ஒருத்தி, மச்சினனின் இரண்டு கைப்பேசிகள் இரண்டு. ஐந்தாவது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

இரண்டு மாதம் ஓடியும் கூட்டம் சேரவில்லை. "நேயர் கடிதம் படிச்சாத்தான் ஆளுங்க ஒட்டுவாங்க" என்றான் மச்சினன். கடிதம் எங்கே வந்தது? ஒன்றுகூட வரவில்லை. ஆகவே அவரே எழுதத் தொடங்கினார். பால் சாவடியில் வேலை பார்த்த ஒருவர், அதிகாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாலாட்டுப் பாட்டைக் கேட்ட கதை. பிரிந்துபோன கணவனின் மோட்டார் சைக்கிள் சத்தத்தையும் ஒரு பாட்டையும் சேர்த்தே நினைக்கிற ஒரு தையல்காரி. எல்லாம் அரைப் பக்கம், ஒரு பக்கம். அதன் பிறகு பாட்டு வரும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவருடைய மூன்று நாவல்களிலும் இல்லாத உயிர் அந்தக் கடிதங்களில் இருந்தது.

எனக்கு இரண்டாவது கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. அவர் வாக்கியம் எங்கே மூச்சு விடும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

கேட்டது அவர் மனைவிதான்.

"ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க?"

"பொய் இல்ல, கதை."

"அது கேக்கறவங்களுக்குத் தெரியுமா?"

இதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார்.

ஆறாவதோ ஏழாவதோ கடிதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தூர தேசத்தில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை செய்யும் ஒருவன் எழுதியது என்று படித்தார். பத்தொன்பது வயதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கிடக்கிறான் என்று அப்பா கோபத்தில் டேப் ரெக்கார்டரைத் தரையில் அடித்து உடைத்தார். அன்று மதியமே அவன் வீட்டைவிட்டுப் போனான். போகும்போது அம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிட்டால் போகமுடியாது என்று கூப்பிடாமல் போய்விட்டான். இப்போது அவனுக்கு முடி நரைத்துவிட்டது. இரண்டு விரல் இயந்திரத்தில் போய்விட்டது. அம்மா இருக்கிறாளா என்று தெரியாது. கடைசி வரியில் நாவல் சாரின் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. தான் எழுதியதற்குத் தானே அழுகிற சுபாவம் அவருக்கு எப்போதும் உண்டு.

அன்று முந்நூறு பேர் கேட்டார்கள். அதன் பிறகு நிஜமான கடிதங்கள் வந்து குவிந்தன. மச்சினனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கு மூன்றாவது சனிக்கிழமை, என் கைப்பேசியின் திரையை மாற்ற நான் கடைக்குப் போயிருந்தேன். நிகழ்ச்சி முடிகிற நேரம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலையில் முப்பது வருஷம் இருந்தவர், விரல்களெல்லாம் கோணியிருந்தன. மகள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள், சீருடையோடு வந்திருந்தாள். நாவல் சார் வெளியே வந்ததும் அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என் பையன்தான் சார். இருபத்தாறு வருஷமாச்சு. அவங்கப்பா டேப்ப உடைச்சாரு. நான் குழாயடியிலதான் இருந்தேன். அவன் போனதை நான் பாக்கவே இல்ல சார்."

மகள் தணிந்த குரலில், "சண்டை போட்டுட்டு வீட்ட விட்டுப் போன பையன் எத்தன வீட்ல இருப்பான்னு சொல்லிப் பாத்துட்டேன். அம்மா கேக்கல" என்றாள். ஆனால் அவள் கண்ணும் நாவல் சார் முகத்தைவிட்டு நகரவில்லை.

"அவன் கையெழுத்தக் காட்டுங்க. அது போதும் எனக்கு" என்றார் அம்மா.

"கம்ப்யூட்டர்ல வந்ததும்மா. கையெழுத்து இல்ல."

"அப்ப முகவரி?"

பின்னால் நின்ற மச்சினன் தலையை ஆட்டினான், சொல்லாதே என்று. நானும் அங்கேதான் நின்றேன். நாவல் சார் என்னைப் பார்த்தார். நான் திரை உடைந்த என் கைப்பேசியைப் பார்த்தேன்.

"கேட்டுச் சொல்றேம்மா" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தைதான். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அம்மா அழுதிருப்பார், மகள் நாலு வார்த்தை திட்டியிருப்பாள், அதோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு அந்த அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து அறைக் கதவின் கண்ணாடி வழியாக நாவல் சாரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மகனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நாவல் சார் எழுதி, அப்படியே வானொலியில் படித்தார்.

"அப்பா செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு, இனிமே நீ பயப்பட வேண்டாம். தெருப் பேர மாத்திட்டாங்க, பழைய பேரச் சொன்னா ஆட்டோக்காரனுக்குத் தெரியாது. தண்ணித் தொட்டிக்கு எதுத்தாப்புல இறங்கு. கதவு முன்னாடி மாதிரி நீலம் இல்ல, பச்சை. வீட்ல ஆள் இல்லன்னா பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிடாத. நான் கடைக்குத்தான் போயிருப்பேன்."

அன்று கேட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். மச்சினன் அந்தப் பகுதியைத் தனியாக வெட்டி எல்லா இடத்திலும் போட்டான். நாவல் சார் திங்கட்கிழமை அச்சகத்துக்கு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஒரே வரியை இரண்டு முறை படித்தார், ஒரு பத்தியை விட்டுவிட்டார்.

மகள் அச்சகத்துக்கே வந்தது ஒரு மதியம். எங்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சாலைய அகலப்படுத்தறாங்க. எங்க வரிசை பூரா இடிக்கப் போறாங்க. எனக்குக் குடியிருப்புல ரெண்டு ரூம் குடுத்திருக்காங்க. அம்மா வரமாட்டேங்கறாங்க. அவன் பச்சைக் கதவத் தேடி வருவான்னு உக்காந்திருக்காங்க. நீங்க உண்மையச் சொல்லுங்க சார். அப்படி ஒரு கடிதம் வந்துச்சா?"

"இல்லம்மா. நான் எழுதினது."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நானும் கொஞ்சம் நம்பிட்டேன்" என்றாள். பிறகு, "நீங்களே வந்து அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

அன்று மாலையே போனார். என்னையும் கூட வரச் சொன்னார். ஒற்றை அறை வீடு, சுவரில் நகராட்சிக்காரர்கள் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதியிருந்தார்கள். அந்த அம்மா எங்களுக்கு டீ போட எழுந்தார். வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார் நாவல் சார். மரம் அறுக்கும் ஆலை இல்லை, அந்த ஆள் இல்லை, எல்லாம் தன் கற்பனை என்றார். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவன் சொல்லச் சொன்னானா, இப்படி?"

"இல்லம்மா. அப்படி ஒருத்தர் இல்லவே இல்ல."

"கோவம் இன்னும் போகல அவனுக்கு. நான் திரும்பிப் பாக்கலன்னு." அதைச் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். நாங்கள் அந்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

நேரில் சொன்னதை நம்பாதவர் வானொலியில் சொன்னால் நம்புவார் என்று நாவல் சாருக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை மைக் முன்னால் உட்கார்ந்து, இதுவரை படித்த கடிதங்களில் எவையெல்லாம் தான் எழுதியவை என்று ஒன்றொன்றாகச் சொன்னார். பாதியில் மச்சினன் பாட்டைப் போட்டு மூடிவிட்டான். அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தார்.

"என் பொழப்புல மண்ணப் போட்டீங்களே அத்தான்" என்றான் மச்சினன். அத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அக்காவோடும் அவன் பேசுவதில்லை. நேயர்களில் பாதிப் பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். மீதிப் பேர், 'பொய்யாக இருந்தால் என்ன, நன்றாகத்தானே இருந்தது, தொடர்ந்து எழுதுங்கள்' என்றார்கள். திட்டியதை அவர் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

அந்த அம்மா அன்றும் கேட்டிருக்கிறார். யாரோ மிரட்டி அப்படிப் பேச வைத்துவிட்டார்கள் என்று மகளிடம் சொன்னாராம்.

இடிக்கிற நாள் காலையில் நாவல் சார் வேலைக்கு வராமல் அந்தத் தெருவுக்குப் போனார். எதிர்ப்பக்கம் நின்று பார்த்ததாகச் சொன்னார். இரண்டு பெண் காவலர்கள் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து வெளியே வைத்தார்கள். பச்சைக் கதவில் மகள் தன் குடியிருப்பு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். அம்மாவின் பிடிவாதத்துக்காகத்தான் எழுதியிருக்க வேண்டும். பத்து மணிக்கு இயந்திரம் வந்தது. சுவரோடு கதவும் விழுந்தது. மகள் நாவல் சாரைப் பார்த்தாள், பார்க்காதது போல அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

புது வீடு இரண்டாவது மாடி. அந்த அம்மாவால் படி இறங்க முடியவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார்.

மகள் அச்சகத்துக்கு போன் செய்து சொன்னாள். நாவல் சார் வரட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

"வேண்டாம் சார். வேற யார் மூலமாவும் உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் சொன்னேன்." பிறகு, "அண்ணன் போட்டோ ஒண்ணு இருக்கு. என்னால அத வீட்ல வெச்சுக்க முடியல. கிழிக்கவும் மனசு வரல. நீங்க வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பேருந்து நிலையத்துக்குப் போய் டிக்கெட் வரிசையில் நின்று, கவுண்டரின் சின்னத் துவாரம் வழியாக அதை வாங்கி வந்தார். மறுநாள் எனக்குக் காட்டினார். உருண்டை முகம், கொஞ்சம் மாறுகண், காதுகள் விடைத்திருந்தன. சட்டைக் காலர் பெரியது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தான்.

"நான் எழுதினவன் இவன் இல்ல" என்றார் நாவல் சார். "அவன் ஒல்லியா, உயரமா இருப்பான்."

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போலீஸில் காணாமல் போனவர்கள் பிரிவுக்கு இரண்டு முறை போனார். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய பதிவேடுகள் வெள்ளத்தில் போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு எங்கேயும் போகவில்லை, எதையும் எழுதவும் இல்லை. படத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று அவர் மனைவிக்கும் தெரியாது. நானும் இதுவரை கேட்கவில்லை.