இடது தோளுக்குப் பின்னால் ஒரு ரன்வே

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். மங்கை அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கைலியோடு, மேலே சட்டைகூட இல்லாமல், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அரியலூரில் என் வீட்டு ஹாலில் ஒரு விமானத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தேன். அடுத்ததாக என் மனைவி சரசுவின் போன் அடித்தது.

"என்னங்க, அந்தப் பிளேனை எங்கயாச்சும் ஓரமா நிறுத்துங்க. பெரம்பலூர் பாய் பேசுறாரு."

"இறங்கப் போற நேரத்துல நிறுத்தச் சொல்றியே, இது என்ன டவுன் பஸ்ஸா?"

"மங்கை அக்கா போயிட்டாங்களாம்."

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினேன். விமானம் அந்தரத்தில் அப்படியே நின்றது. இது நிஜ விமானத்தில் நடக்காத காரியம். "நிறுத்தி வைக்க முடிஞ்சா அது விமானம் இல்ல தம்பி, காலண்டர்ல இருக்கிற படம்" என்று அக்கா சொல்வார். இனி அதைச் சொல்ல ஆளில்லை என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

பெரம்பலூரில் அப்துல் பாயின் கம்ப்யூட்டர் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடுகிற நம்மவர்களுக்கு அக்காவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மங்கையர்க்கரசி, உடையார்பாளையத்துக்காரர். முந்திரித் தோப்பு வைத்திருந்த வீட்டில் பிறந்து, வெளியூர் போய்ப் பைலட்டாகி, சின்ன விமானங்களில் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகும் வருடத்தில் சில வாரங்கள் பழைய ஃப்ளையிங் கிளப்புக்குப் போய்ப் பறந்துவிட்டு வருவார். ஊரில் பாதிப் பேர் அவரை ஏர் ஹோஸ்டஸ் என்று நம்பினார்கள். மீதிப் பேர் துபாயில் ஏதோ வேலை என்றார்கள். அவர் இரண்டையும் மறுத்ததில்லை. "மறுத்தா, அப்ப எங்களை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போன்னு நிப்பாங்க" என்பது அவர் கட்சி.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்தது லேப்டாப் ரிப்பேருக்காக. பழைய கார் சீட் ஒன்றைப் பலகையில் முடுக்கி, எதிரில் ஒரு டிவியை மாட்டி, பாய் ஒரு 'விமானம்' கட்டியிருந்தார். நான் அதில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாடிப்படி ஏறி வந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெல்ட்டு எதுக்கு? டிவி முட்டிருமா?"

"ஒரு எஃபெக்டுக்குங்க" என்றார் பாய்.

"ஏறினதும் எந்தப் பக்கம் திரும்புவாரு?"

நான் பெருமையாக வலது பக்கம் திரும்பிக் காட்டினேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். விமான நிலையத்தைச் சுற்றி வர ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஏறியதும் இடது பக்கம் திரும்ப வேண்டும். மறுபடி இடது பக்கம் திரும்பி, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போக வேண்டும். பிறகு இன்னொரு இடது, இன்னும் ஒரு இடது, அதன் பின் இறக்கம். ஒரு செவ்வகம். சர்க்யூட் என்பார்கள். விமானி இடப்பக்கம் உட்காருவதால் ரன்வே எப்போதும் அவர் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினால்தான் ஒருவரோடு ஒருவர் முட்டாமல் இருக்கலாம். நானோ பிறந்ததிலிருந்து பிள்ளையாரை வலது கைப்பக்கம் வைத்தே சுற்றி வளர்ந்தவன். கை தானாக வலமாகப் போய்விட்டது. நான் மட்டுமில்லை, நம் கூட்டத்தில் கோயிலுக்குப் போகிற அத்தனை பேரும் முதல் நாள் வலமாகத்தான் திரும்பினோம். சரியாக இடது பக்கம் திரும்பிய ஒரே ஆள் பாய்.

"சாமியை வலமா சுத்து, யாரு வேணாம்னா? ரன்வே சாமி இல்ல. அதுக்கிட்ட வேண்டிக்கிட்டா ஒண்ணும் குடுக்காது" என்றார் அக்கா.

போன வாரம் உடையார்பாளையம் சுடுகாட்டில் அவருடைய அண்ணன் மகன் நீர்க்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சிதையை இடமாகச் சுற்றியபோது, பாய் என் முழங்கையைத் தொட்டு, "சார், சர்க்யூட்டு" என்றார் மெதுவாக. சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை முறைத்தார். அக்கா இருந்திருந்தால் சுற்றின் அளவு சிறிதாகிவிட்டது என்று குறை சொல்லியிருப்பார்.

லேப்டாப் சரியான பிறகும் அக்கா ஞாயிறுதோறும் வந்தார். ஜெயங்கொண்டம் வந்து, அரியலூர் வந்து, பெரம்பலூர் பஸ் பிடித்து வருவார். ஆனால் அந்தச் சீட்டில் மட்டும் உட்கார மாட்டார். வலது பக்கம் நின்றுகொண்டு எங்களைத் திட்டுவது மட்டும்தான் அவருக்கு வேலை. கற்றுக்கொடுப்பவர் விமானத்தில் வலது சீட்டில்தான் இருப்பாராம். "இத்தனை வருஷமும் எவனோ ஒருத்தனோட காதைத்தான் பார்த்துக்கிட்டுக் கெடந்தேன் தம்பி. காதுக்குப் பின்னாடிதான் ரன்வே. உன் காதுல முடி ஜாஸ்தி, ரன்வேயே தெரியல" என்றார். அன்று மாலையே நான் சலூனுக்குப் போனேன்.

அவருக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. வீட்டில் உட்கார்ந்தே சர்க்யூட்டைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் வாதம். பெட்ரோல் செலவில்லை, பயமில்லை, நூறு தடவை விழுந்தாலும் எழுந்து டீ குடிக்கலாம். அக்கா பாதியை ஒப்புக்கொள்வார். "வரிசையைப் படிக்க இந்த டிவி போதும். எப்ப என்ன செய்யணும், ரேடியோவுல என்ன சொல்லணும், எல்லாம் படிக்கலாம். தூரத்தைப் படிக்க முடியாது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாத்தான் தூரம் தெரியும். இடது தோளுக்குப் பின்னாடி ரன்வே நழுவிப் போகுது பாரு, அப்பத் திரும்பணும். உனக்குத் தோளும் இல்ல, கழுத்தும் இல்ல. கட்டைவிரல்தான் இருக்கு."

கட்டைவிரல் என்றது எங்கள் ஜாய்ஸ்டிக்கில் இருக்கும் பொத்தானை. அதை அழுத்தினால் திரையில் காட்சி இடது பக்கம் திரும்பும். கழுத்துக்கு வேலையில்லை.

இந்தச் சண்டையைத் தீர்க்க அவர் என்னைத் தன் பழைய கிளப்புக்கு அழைத்துப்போனார். இடது சீட்டில் நான், வலது சீட்டில் அவர். ஏறினோம், இடது பக்கம் திரும்பினோம், மறுபடி திரும்பினோம். வரிசை எனக்கு மனப்பாடம். அக்காவே, "பரவால்லயே" என்றார். பிறகு கேட்டார்: "ரன்வே எங்க தம்பி?"

நான் எதிரே பார்த்தேன். வானம் இருந்தது. வேகமும் உயரமும் காட்டுகிற கடிகாரங்களைப் பார்த்தேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ரன்வேயை மட்டும் காணவில்லை. பதற்றத்தில் என் கட்டைவிரல் பழக்கப்படி பொத்தானைத் தேடியது. பொத்தானும் கிடைத்தது. அழுத்தினேன். காட்சி திரும்பவில்லை. அழுத்தியபடியே அலறினேன்: "அக்கா, ரன்வேயைக் காணோம்க்கா! இங்கதான இருந்துச்சு!"

நிஜ விமானத்தில் அந்த இடத்தில் இருப்பது ரேடியோப் பொத்தான். என் அலறலைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்டது. அப்போது வானத்திலிருந்த மற்ற விமானங்களும் கேட்டன. அக்கா என் விரலை எடுத்துவிட்டு, குரல் மாறாமல் கோபுரத்துக்கு ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என் தாடையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார். அங்கே, தோளுக்குப் பின்னால், சிமெண்ட் தொட்டி மேல் காயப்போட்ட வேட்டி மாதிரி ரன்வே கிடந்தது.

இறங்கி வந்து டீ குடிக்கும்போது கோபுரத்திலிருந்து போன் வந்தது. எடுத்துக் கேட்டுவிட்டு அக்கா சிரித்தார். "கிடைச்சிருச்சா மேடம்னு கேக்குறான்."

அந்த நாளோடு என் வாதம் முடிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்குக் கழுத்தெலும்பில் கோளாறு வந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தபோது கழுத்தில் பட்டை. பட்டையைக் கழற்றிய பிறகும் கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவது போல உடம்போடு திரும்புவார். பறப்பதற்கான மருத்துவச் சான்றிதழ் இனிக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இருதயமும் சரியில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் போனில், "வாங்கக்கா, சும்மா வந்து எங்களைத் திட்டிட்டுப் போங்க" என்றேன். "திட்டுறதுக்கும் திரும்பிப் பார்க்கணும்ல" என்று வைத்துவிட்டார். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், மற்ற எதைப் பறித்திருந்தாலும் அவர் சமாளித்திருப்பார். பறப்பதை எடுத்ததுதான் அவரை வீட்டுக்குள் உட்கார வைத்தது. முந்திரிக் கொட்டை விலையைப் பற்றிக்கூட யாரோடும் சண்டை போடவில்லை என்று அண்ணன் மகன் கவலையோடு சொன்னார்.

ஒரு மதியம் நான் பாயின் கடையில் வெட்டியாக உட்கார்ந்திருந்தபோது மாடிப்படியில் மெதுவான காலடி கேட்டது. அக்கா. மூச்சு வாங்கி நின்றுவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் டிவியைப் பார்த்துக் கேட்டார்.

"பாய், அந்தப் பொத்தான் எங்க இருக்கு?"

பாய்க்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் கொஞ்சம் தாமதம். பாய் சீட்டைத் துடைத்தார். அக்கா உட்கார்ந்தார். பெல்ட்டை எடுத்து, அவரே மாட்டிக்கொண்டார்.

முதல் சுற்றில் அவர் விமானத்தை ஒரு வயலில் கொண்டுபோய்ச் சொருகினார். வானத்தையே வீடாக வைத்திருந்தவர் டிவியில் தடுமாறினார். காலுக்கடியில் எதுவும் அதிரவில்லையாம், கைக்குக் கனம் தெரியவில்லையாம்.

"சிரிங்கடா. எவ்வளவு நேரம் அடக்குவீங்க?"

"அல்லா சத்தியமா சிரிக்கலைங்க" என்றார் பாய். அவர் முகம் வேறு சொன்னது.

அடுத்த சுற்று ரன்வேயைத் தாண்டிப் போனது. அக்கா கையை உதறிக்கொண்டார். எழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். எழுந்தால் இனி வரமாட்டார் என்று தெரியும். எழவில்லை. மறுபடி ஏறினார். இடது, இடது. இணையாகப் போகும்போது அவர் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. திரை திரும்பியது. திரும்பாத கழுத்தோடு அக்கா தன் இடது தோளுக்குப் பின்னால் ரன்வேயைப் பார்த்தார். வேறு யாருடைய காதும் நடுவில் இல்லை.

"அடப்பாவி, தெரியுதுடா" என்றார்.

திரும்பினார். மறுபடி திரும்பினார். நேரே ரன்வே. அப்போதுதான் அதைச் சொன்னார்: "இடப்பக்கத்துலேருந்து காத்து தள்ளுது. ரெக்கையைத் தாழ்த்தணும்." இடது இறக்கையைத் துளி தாழ்த்தி, காற்றைச் சாய்ந்து தாங்கிக்கொண்டு, விமானத்தை ரன்வேயில் வைத்தார். இறக்கினார் என்று சொல்ல மாட்டேன். தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தார். நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளித்தான் வைத்தார். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? பாய் கை தட்டினார். நான் மூக்கைச் சிந்தினேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் தவறவில்லை. சாவதற்கு முந்தைய ஞாயிறுகூட வந்து, எங்களை முறைப்படி திட்டிவிட்டு, நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது கழுத்து. இப்போதெல்லாம் ரோட்டைக் கடக்கும்போதும், யாருக்காவது காட்டமாகப் பதில் எழுதுவதற்கு முன்பும், ஒரு தடவை இடது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். விட்டுவந்தது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அங்கேதான் தெரிகிறது. சரசு இதைப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். இன்னொன்றும் தங்கியிருக்கிறது. நிஜமாகப் பறந்த உடம்பு டிவி முன்னால் உட்கார்ந்தாலும் காற்றை உணரும், எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒருநாளும் வராது என்பது. இதை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸிலும் பாயிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாய் ஜன்னல் பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார்.

"சார், அன்னைக்கு நான் கம்ப்யூட்டர்ல காத்து செட்டிங்கே வைக்கலைங்க. அவங்களுக்கு வேர்க்குதேன்னு இடப்பக்கம் டேபிள் ஃபேனைத்தான் போட்டு வச்சிருந்தேன்."